உதவி தேவை: சிக்னல் போன பிறகும் பிளேயர் 'பாடுகிறது' என்றே காட்டுகிறது

கேள்வி (பொள்ளாச்சி)

எல்லாருக்கும் வணக்கங்க. எங்கள் பக்கத்து உடுக்கைப் பாட்டுப் பதிவுகளைக் கேட்க ஐபோன் ஆப் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடும் பெரியவர்களின் குரல் அறுபடாமல் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அங்கங்கே சிக்னல் போய்விடுகிறது. பாட்டு நிற்கிறது, ஆனால் திரையில் பாஸ் பட்டன் அப்படியே இருக்கிறது. கேட்பவர்கள் சத்தம்தான் குறைந்துவிட்டதென்று வால்யூமைக் கூட்டுகிறார்கள். பாட்டை ஓட்டும் ஆப்பிளின் ஏவிபிளேயரில் ரேட் (ஓடும் வேகம்) என்ற மதிப்பை, மாற்றம் வந்தால் தெரிவிக்கும் கேவிஓ வழியாகக் கவனிக்கிறேன்; பாட்டு நின்ற பிறகும் 1 என்றே சொல்கிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டுங்க?

பதில் (ஈரோடு)

தம்பி, ரேட் என்பது நீங்கள் பிளேயரிடம் கேட்ட வேகம். டேட்டா வராமல் அது காத்துக்கிடந்தாலும் 1 மாறாது. ஐஓஎஸ் 10 முதல் பிளேயரின் உண்மை நிலையைச் சொல்லும் டைம்கன்ட்ரோல்ஸ்டேட்டஸ் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். மூன்றே நிலை: நின்றிருக்கிறது, ஓடுகிறது, ஓடக் காத்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. அது வந்ததும் பட்டன் இருக்கும் இடத்தில் சுழலும் வட்டத்தைக் காட்டுங்கள்.

கவனிப்பைத் தொடங்கும் அப்சர்வ் ஃபங்ஷன் திருப்பித் தரும் பொருளை கிளாஸின் ப்ராபர்ட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளில் விட்டால், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் கவனிப்பும் போய்விடும். எரர் எதுவும் வராது. திரையை மாற்றும் வரிகள் மெயின் த்ரெட்டில் ஓடட்டும்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்ணா, சிக்னல் போனால் இப்போது சரியாகக் காட்டுகிறது. ஆனால் நல்ல வைஃபையில்கூட ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் வட்டம் ஒரு கணம் மின்னி மறைகிறது. பார்க்கவே நன்றாக இல்லைங்க.

பதில் (ஈரோடு)

காத்திருப்பதற்கான காரணத்தைத் தரும் ரீசன்ஃபார்வெயிட்டிங்டூபிளே என்ன சொல்கிறது என்று பாருங்கள். டேட்டா வரும் வேகத்தை அளந்துகொண்டிருப்பதாக, அதாவது எவாலுவேட்டிங்பஃபரிங்ரேட் என்று வந்தால் வட்டம் வேண்டாம். ஆப்பிள் சொல்வதும் அதுதான். பாட்டு தடைபடாதிருக்க டேட்டா சேரக் காத்திருப்பதாக, அதாவது டூமினிமைஸ்ஸ்டால்ஸ் என்று வந்தால் மட்டும் காட்டுங்கள். பதிவே திறக்காமல் போவது வேறு விஷயம். அதற்கு, ஓடும் பதிவைக் குறிக்கும் பிளேயர்ஐட்டத்தின் ஸ்டேட்டஸ் ஃபெயில்டு ஆகிறதா என்று தனியாகக் கவனிக்க வேண்டும்.

பதில் (திருப்பூர்)

ஆண்ட்ராய்டுக்கும் எழுதுவதாக இருந்தால், அதன் மீடியா3 லைப்ரரியில், மாற்றங்களைத் தெரிவிக்கும் பிளேயர் லிஸனர் இருக்கிறதுங்க. பட்டனுக்கு ஆன்இஸ்பிளேயிங்சேஞ்ச்டு, வட்டத்துக்கு ஸ்டேட் பஃபரிங். பிளேவென்ரெடி (தயாரானதும் ஓடு) ட்ரூ என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஐபோன் ரேட்டைப் போல அதுவும் உங்கள் விருப்பத்தைத்தான் சொல்லும்.

கேள்வி கேட்டவர்

சரிங்க. நடுவில் போன் அழைப்பு வந்தால்?

பதில் (ஈரோடு)

ஸ்டேட்டஸ் 'நின்றிருக்கிறது' என்று மாறும், பட்டன் சரியாகிவிடும். அழைப்பு முடிந்த பிறகு பாட்டு தானாகத் தொடரும் என்று இருந்துவிடாதீர்கள். ஆடியோ செஷன் தரும் இன்டரப்ஷன் (இடையூறு) அறிவிப்பைக் கேட்டு, முடிவு அறிவிப்பில் ஷுட்ரெஸ்யூம் (தொடரலாம்) என்ற குறிப்பு இருந்தால் நீங்களே பிளே கொடுங்கள். பயனர் முன்பே நிறுத்தி வைத்திருந்தால் கொடுக்க வேண்டாம்.