மலை ஊரில் உங்களுக்கு என்ன நடந்தது? சொல்லுங்க, பிளானை மாத்தணும்

மூட்டைமுடிச்சு:
அடுத்த மாசம் குடும்பத்தோட அஞ்சு நாள் மலைக்குப் போறோம். எந்த ஊர்னு இன்னும் சண்டை ஓயலை. ஆனா பிளான் ரெடி! வியூ பாயின்ட் ஏழு, அருவி மூணு, ஏரி, ரோப் கார்னு என் தம்பி எக்செல் போட்டு வச்சிருக்கான். தினமும் காலை 9.30 முதல் சாயங்காலம் 6 வரை, கட்டம் கட்டமா. பார்த்தாலே கால் வலிக்குது. போய் வந்தவங்க உங்க கதையைச் சொல்லுங்க. எது தேறுச்சு, எது வீணாச்சு?

கொண்டை_ஊசி:
எக்செல்லில் முதல் கட்டமே தப்பு. மலையில் ஒன்பதரைன்னா பாதி நாள் முடிஞ்ச மாதிரி.

டார்ஜிலிங் போயிருந்தோம். எல்லாரும் சொல்றாங்களேன்னு முதல் நாளே மூன்றரைக்கு எழுந்து, ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு, ஜீப்பில் டைகர் ஹில், சூரியன் உதிக்கிறதைப் பார்க்கிற இடம். சுமார் 2,590 மீட்டர் உயரம். அங்கே திருவிழாக் கூட்டம். கிழக்கே லேசா சிவந்தது, அதோட சரி. வடக்கே வெறும் வெள்ளை. பக்கத்தில் நின்னவர் "அதோ, அங்கதான் கஞ்சன்ஜங்கா" என்று மூட்டத்தைக் காட்டினார். நாங்களும் மூட்டத்தை நாலு போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் யாருக்கும் எழ மனசில்லை. நான் மட்டும் பல் தேய்க்கப் போய், வெந்நீர் ஆவி வெளியே போகட்டும்னு பாத்ரூம் ஜன்னலைத் தள்ளினேன். 8,586 மீட்டர் மலை, மறைக்க ஒண்ணுமில்லாம, அந்த ஒன்றரை அடி ஜன்னலுக்குள்ள நின்னுச்சு. உச்சியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. அது அப்படியே தோள் வழியா வழிஞ்சு கீழே இறங்கி, ஆரஞ்சாகி, கடைசியில் வெளுத்தது. வாயில் பிரஷ்ஷோட எல்லாரையும் எழுப்பி இழுத்துட்டு வந்தேன். ஒன்பது மணிக்கு இடுப்பளவு மேகம். பத்தரைக்கு மலையே கிடையாது.

வெயில் ஏற ஏற சரிவு சூடாகும். பள்ளத்தாக்குக் காத்து ஈரத்தோட மேலே ஏறி, குளிர்ந்து மேகமாயிடும். மதியத்துக்கு மேல மழையும் இடியும் வர்றது பெரும்பாலும் இதனாலதான். அதனால தூரத்துக் காட்சியெல்லாம் காலையில் முடிச்சுடுங்க. அருவி, தோட்டம், கடைத்தெரு எல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்.

டாய் ட்ரெயின் பத்திக் கேட்பீங்க. 1881-ல் வந்த பாதை, தண்டவாள அகலம் 610 மில்லிமீட்டர். தண்டவாளத்தைக் கவ்வுற பல்சக்கரமே இல்லாம, வட்டம் போட்டும், முன்னும் பின்னுமா இசட் போட்டும் மேலே ஏறுது. அழகுதான். ஆனா முழு தூரமும் போனா முதுகு கேட்கும். ஒரு துண்டு போதும்.

மூச்சு_வாங்கி:
என் கதை கொஞ்சம் கசப்பு.

லடாக்கில் இருக்கிற லே ஊருக்கு விமானத்தில் போனோம். சமவெளியில் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள 3,500 மீட்டரில் இறங்கிட்டோம். பயணத்தை ஏற்பாடு செஞ்சவங்க அட்டவணையில் வந்த அன்னிக்கே "மதியம் அரண்மனை, மாலை ஸ்தூபி"ன்னு இருந்தது. காசு கட்டியாச்சேன்னு நாங்களும் கிளம்பினோம். அரண்மனைப் படியில் பாதி ஏறினதும் அப்பா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "ஒண்ணுமில்லப்பா, வயசாச்சு"ன்னு சிரிச்சார். வயசில்லை. பின்னாடி வந்த என் பையன், காலேஜ் கபடி டீம், அவனும் உட்கார்ந்துட்டான்.

ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மண்டை பிளக்குற வலி, ரெண்டு வாந்தி. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வச்சாங்க. டாக்டர் திட்டலை. "ரெண்டு நாள் சும்மா படுத்திருங்கன்னு யாரும் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டார். யாரும் சொல்லலைங்க.

அந்த உயரத்தில் ஒரு மூச்சில் உள்ளே போற ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைக்கிறதில் மூணில் ரெண்டு பங்குதான். மலைநோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேல தலைகாட்டும். உடம்பு பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, யாருக்கும் வரும். 3,000-க்கு மேல போனா, படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக் கூடாதுன்னு சொல்றாங்க. தலைவலி இருக்கும்போது இன்னும் மேலே ஏறவே கூடாது. தடுமாறி நடந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கணும், டாக்டரைப் பார்க்கணும்.

மூணாவது நாள் அப்பா மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்மலை நிறம் மாறுறதைச் சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு இருந்தார். ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றார். அரண்மனையை இன்னும் பார்க்கலை.

மெதுவா_போவோம்:
மேலே சொன்னதோடு ஒரு வரி. பெருவில் கூஸ்கோ போறவங்க பலர் அங்கேயே தங்கி அவதிப்படுறாங்க. ஊர் இருக்கிறது சுமார் 3,400 மீட்டரில். எல்லாரும் பார்க்கப் போற பழைய இன்கா நகரம் மாச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430தான். நாங்க இறங்கின கையோட வேன் பிடிச்சு கீழே பள்ளத்தாக்குக்குப் போய்ப் படுத்துட்டோம். கூஸ்கோவைக் கடைசியில் வச்சுக்கிட்டோம். ஒரு மாத்திரை கூடத் தேவைப்படலை.

நனைஞ்ச_கோழி:
எனக்கு ஊர் பேரெல்லாம் சொல்லத் தோணலை, இது எந்த மலையிலும் நடக்கும்.

நாலு நாளில் மூணு நாள் மழை. காத்து பலமா இருக்குன்னு ரோப் காரை நிறுத்திட்டாங்க. ஹோட்டல் ரூமில் எத்தனை நேரம் சீட்டாடுறது? கடைசி நாள் காலையில் மழை விட்டிருந்தது, நானும் வீட்டுக்காரியும் முகட்டுப் பாதையில் சும்மா நடக்கப் போனோம். பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு மாதிரி மேகம், எங்க காலுக்குக் கீழே. முதுகுப் பக்கம் சூரியன் அப்பதான் எட்டிப் பார்த்தது.

திடீர்னு எதிரே மேகத்தில் ஒரு ஆள். நீளக் கால், சின்னத் தலை. தலையைச் சுத்தி வானவில் வளையம், உள்ளே நீலம், வெளியே சிவப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. கையைத் தூக்கினேன், அதுவும் தூக்குச்சு. என் நிழல்தான்!

"என் தலையைச் சுத்தி வளையம் தெரியுதா?"ன்னு கேட்டேன். "உங்க தலையிலயா? வளையம் என் தலையிலதான் இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னா. நான் பார்த்தா அவ நிழலில் ஒண்ணுமே இல்லை. ரெண்டு பேரும் அங்கேயே நின்னு சண்டை போட்டோம். அவங்கவங்க வளையம் அவங்கவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்னு ஊருக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் புரிஞ்சது. மேகத்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புறதால் வர்ற வளையம் அது. இந்த நிழலுக்கு ப்ராக்கன் பூதம்னு பேர். ஜெர்மனியில் ப்ராக்கன்னு 1,141 மீட்டரில் ஒரு மலை. 1780-லயே சில்பர்ஷ்லாக் என்ற போதகர் அங்கே பார்த்து எழுதியிருக்கார்.

முதுகுப் பக்கம் தாழ்ந்த வெயில், முன்னால கீழே மேகம். இந்த ரெண்டும் சேர்ந்த காலையில் முகட்டுக்குப் போய் உங்க நிழலைத் தேடுங்க. விளிம்புக்குப் போகாம தேடுங்க, ஈரப் பாறை வழுக்கும்.

ஜன்னல்_சீட்:
மழை நாளுக்கு என் ஓட்டு அந்த ஊர் மியூசியத்துக்கு. சிரிக்காதீங்க.

ஸ்விட்சர்லாந்தில் செர்மாட். பெட்ரோல் கார் ஊருக்குள்ளே வர முடியாது, பக்கத்து ஊரில் நிறுத்திட்டு ரயிலில் வரணும். உள்ளே ஓடுறதெல்லாம் சத்தமில்லாத மின்சார வண்டி. மாட்டர்ஹார்னைப் பார்க்கப் போன அன்னிக்கு மலையைக் காணோம். வேற வழியில்லாம மியூசியத்தில் நுழைஞ்சேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு அறுந்த கயிறு. 1865 ஜூலை 14, அந்த 4,478 மீட்டர் உச்சியை முதன்முதலா ஏழு பேர் தொட்டாங்க. இறங்கும்போது ஒருத்தர் சறுக்க, கயிறு அறுந்து நாலு பேர் போயிட்டாங்க. அந்தக் கயிறுதான் இது. துணி காயப்போடுற கொடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். நுனியில் பிரி பிரியா நிக்குது. இதை நம்பியா ஏறினாங்கன்னு ரொம்ப நேரம் நகர முடியலை.

மறுநாள் முதல் ரயிலில் கோர்னர்கிராட் முகடு, 3,089 மீட்டர். 1898-லிருந்து ஓடுற பல்சக்கர ரயில். வழியில் இறங்கி ரிஃபெல்சே என்ற குட்டி ஏரிக்கு நடந்தா மலை தலைகீழா தண்ணியில் நிக்கும், காத்து எழும்புற வரைக்கும்தான். மறுபடியும் காலை, பார்த்தீங்களா!

ஒரு வேண்டுகோள்: குளிருதேன்னு சன்ஸ்கிரீனை விட்டுடாதீங்க. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுது, பனித்தரை வேற கீழிருந்து திருப்பி அடிக்கும். எனக்குத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தைச் சுத்தியும் தோல் உரிஞ்சது.

ரெண்டாம்_கியர்:
சொந்த வண்டியில் போறவங்களுக்கு. ஏறின கியரிலேயே இறங்குங்க. பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிடும். எனக்குக் கருகல் வாசனை வந்தது, முன்னாடி போற லாரின்னு நினைச்சேன். என் வண்டிதான். ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த முக்கால் மணியில்தான் இருட்டிடுச்சு, பொண்ணு முதன்முறையா பால்வீதியைப் பார்த்தா. கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும், போனை எடுத்தா மறுபடி முதலிலிருந்து. பிரேக் போனதுக்கு நன்றி சொல்ல மாட்டேன், ஆனா பொண்ணு சொல்றா.

மூட்டைமுடிச்சு:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவும் வர்றதால 2,500-க்குக் கீழே இருக்கிற ஊர்னு முடிவு பண்ணிட்டோம். வியூ பாயின்ட் ஏழில் அஞ்சை அழிச்சாச்சு. மிச்சம் ரெண்டும் காலை அஞ்சரைக்கு. மூணாவது நாளை முழுசா காலியா விடச் சொன்னேன். தம்பி ஒத்துக்கிட்டான். இப்பதான் எக்செல்லைத் திறந்தேன், அந்தக் கட்டத்தில் "சும்மா இருத்தல்: 9.30 முதல் 6 வரை"ன்னு போட்டு வச்சிருக்கான்.