பரண் டிரங்குப் பெட்டி: கழித்துக் கொடுப்பதா, கட்டோடு கொடுப்பதா?

கணக்குப்பிள்ளை:
மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடு இடிபட்டால் பரணிலிருந்து நாலைந்து டிரங்குப் பெட்டியாவது இறங்கும். நூலகத்துக்கு அப்படியே தூக்கிக் கொடுங்கள் என்கிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. பெட்டிக்கு 2,000 தாள் என்றால் ஐந்து பெட்டியில் 10,000. தாளுக்கு மூன்று நிமிடம் வைத்து அட்டவணை போட்டாலும் 500 மணி நேரம். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ண ஸ்கேனில், சுருக்காமல் வைத்தால் ஒரு ஏ4 தாள் 46 எம்பி. மொத்தம் 460 ஜிபி, இரண்டு பிரதி வைத்தால் ஒரு டெராபைட்டைத் தொடும். யார் செய்வது? பால் கணக்கு, சலவைக் கணக்கு, மொய் நோட்டு, வாடகை ரசீது, காலி உறை எல்லாவற்றையும் கழியுங்கள். கடிதங்களை ஆள்வாரியாக அடுக்கி, பத்திரங்களைத் தனியே வைத்துக் கொடுத்தால்தான் அந்தச் சேகரம் நாலு பேருக்குப் பயன்படும்.

ஓலைப்பெட்டி:
கழிக்கச் சொன்ன பட்டியலில்தான் ஐயா சென்னையே இருக்கிறது! கடிதத்தில் பாதி "இங்கு யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று போய்விடும். பால் கணக்கு அப்படி மழுப்பாது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணம் காலியானது. அந்த மாதத்து நோட்டைப் பிரித்தால் தினம் அரைப்படி வாங்கிய வீட்டில் திடீரென்று ஒரு ஆழாக்கு என்று இறங்கியிருக்கும். பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆபீஸுக்காக ஒருவர் மட்டும் தங்கிய வீடு அது. முழுக் குடும்பமும் போன வீட்டில் பக்கமே வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுப் பக்கத்தையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும் என்கிறேன். 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் அரிசி எந்தக் கடைக்கு மாறியது, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதும் இந்த நோட்டில்தான்.

மொய் நோட்டில் பெயர், தெரு, தொகை மூன்றும் இருக்கும். கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு குடும்பத்தின் உறவும் உத்தியோகமும் பட்டணத்தில் எந்தெந்தத் தெரு வரை நீண்டன என்று வரைபடமே போடலாம்.

அடுக்கு விஷயம் இதைவிட முக்கியம். கணக்கு நோட்டின் மேலே "துன்மதி வருஷம் ஆவணி" என்று மட்டும் இருக்கிறது. எந்தத் துன்மதி? 1861, 1921, 1981 மூன்றும் துன்மதிதான். அணா கணக்கு இருந்தால் 1981 அடிபட்டுப்போகும், ஏனென்றால் 1957 ஏப்ரலிலேயே அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்துவிட்டது. மீதி இரண்டில் எது என்று சொல்வது அதோடு ஒரே கயிற்றில் கட்டியிருந்த ரசீதுகள்தான். ஆள்வாரியாகப் பிரிக்கிறேன் என்று கயிற்றை அறுத்தால் அந்தச் சாட்சியும் போச்சு.

கணக்குப்பிள்ளை:
கயிறு புனிதம் இல்லை சார். பெட்டியை ஏற்கெனவே பத்துப் பேர் கலைத்திருப்பார்கள். பாட்டி தேடியது, பேரன் தபால்தலைக்காக உறையை வெட்டியது, வக்கீல் பத்திரத்தை உருவியது. அதை "மூல அடுக்கு" என்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஓலைப்பெட்டி:
கலைத்தது யார் என்பதும் தகவல்தான். பிரிக்கும் முன் ஒவ்வொரு கட்டையும் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பெட்டி 2, கட்டு 7 என்று பென்சிலில் எண் போடுங்கள், பேனா கூடாது. அதற்குப் பிறகு எதை நகர்த்தினாலும் திரும்ப வைக்கலாம். உறையைக் கழிப்பது பெருந்தப்பு. கடிதத்தில் தேதி இல்லாதபோது தபால் முத்திரைதான் கதி. "சென்னை-4" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தியது. 600004 என்று பின்கோடு இருந்தால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. பழைய வழக்கத்தில் பின்னாலும் "சென்னை-4" எழுதியவர்கள் உண்டு. அதனால் இதை மட்டும் நம்பித் தேதி போட்டுவிட வேண்டாம்.

செல்லரிச்சான்:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், அதற்குள் பூச்சி முடித்துவிடும். முதல் வேலை மோந்து பார்ப்பது. புளித்த காடி வாடை வந்தால் பழைய ஃபிலிம் நெகடிவ் சிதைகிறது என்று அர்த்தம்; அந்த ஆவி பக்கத்துத் தாளையும் கெடுக்கும், உடனே தனியே எடுங்கள். பூஞ்சை இருந்தால் முகமூடி போட்டுக்கொண்டு, முதலில் நிழலில் காற்றாட உலர்த்தி, பிறகு மெல்லிய பிரஷ். ஈரத்தோடு தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும்.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பூச்சியின் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, படிக்கிறவருக்குத்தான் கேடு. பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும். பூச்சிக்குச் சரியான வழி: கட்டைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாள் மேல் வியர்த்துவிடும். கண்ணாடி நெகடிவை இதில் வைக்காதீர்கள். பூஞ்சையும் இதில் சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். ஊசிக்கு மேலும் கீழும் மைலார் (மெல்லிய பாலியெஸ்டர் தாள்) துண்டைச் செருகி, துருவைத் தாளிலிருந்து விடுவித்துவிட்டு மெதுவாக நகர்த்துங்கள். கணக்கு நோட்டில் ஊதா எழுத்து இருந்தால் காப்பியிங் பென்சிலாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வரி முழுக்க ஊதாக் குளம். செலோடேப் ஒட்டுவது, லேமினேஷன் போடுவது, இரண்டுக்கும் கும்பிடு.

கணக்குப்பிள்ளை:
இதெல்லாம் சரி. ஜாதகம், வைத்தியச் சீட்டு, கடன் பத்திரம், சொத்துச் சண்டைக் கடிதம் இருக்கிறதே? கட்டோடு கொடுத்தால் எல்லார் கண்ணிலும் படும். கடிதத்தாள் பெற்றவருடையது என்றாலும் பதிப்புரிமை எழுதியவருடையது. குடும்பம் இணையத்தில் போடச் சொன்னாலும் எழுதியவரின் வாரிசு கேள்வி கேட்கலாம்.

ஓலைப்பெட்டி:
அதற்குக் கழிப்பது வழியில்லை, பூட்டுவதுதான் வழி. கொடுக்கும்போதே எழுத்தில் ஒப்பந்தம்: இன்ன கட்டு இத்தனை ஆண்டு மூடியிருக்கும், படிக்கலாம், படமெடுக்கக் கூடாது என்று. அந்த 500 மணி நேரமும் தேவையில்லை. தாள்வாரியாக யார் போடச் சொன்னது? கட்டுக்கு ஒரு வரி போதும்: "கட்டு 7, பால் கணக்கு, 1939–44, 3 நோட்டு." 10,000 தாள் 200 கட்டில் அடங்கினால், கட்டுக்குக் கால் மணி வைத்து 50 மணி நேரம். கணக்கு நோட்டை 300 டிபிஐயில் எடுத்தால் பக்கம் 26 எம்பிதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்குகிறது. அவர் 1761-இல் காலமான பிறகு எண்பது ஆண்டுக்கு மேல் அது குடும்பத்திடமே கிடந்தது. இடையில் யாராவது "வியாபாரக் கணக்கும் ஊர் வம்பும்தானே" என்று கழித்திருந்தால், பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரைப் பற்றி நமக்குக் கவர்னர் கடுதாசிதான் மிஞ்சியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
பிள்ளையவர்களைப் பால் நோட்டோடு சேர்க்காதீர்கள், அது ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியது. மொய் நோட்டையும் உறையையும் விட்டுத்தருகிறேன். ஆனால் முப்பது வருஷத்துச் சலவைக் கணக்கு முழுசாக எதற்கு? பத்தாண்டுக்கு ஒன்று, கூடவே 1942, 1952, அவ்வளவு போதும்.

ஓலைப்பெட்டி:
சலவைக்கு அது சரி, ஆனால் வீட்டில் கல்யாணம் நடந்த வருஷத்தையும் சேருங்கள். வேட்டி, புடவை எண்ணிக்கை ஏறிய வாரத்தை மொய் நோட்டோடு ஒத்துப் பார்த்தால், வெளியூர் உறவு எத்தனை நாள் தங்கியது என்று தெரிந்துவிடும்.