முழங்கால் வலிக்கு ஒற்றைக்கால் பயிற்சி: செய்து பார்த்தவர்கள் சொல்கிறோம்

திருநகர், ஓய்வு பெற்ற நடத்துநர்:

28 வருடம் பஸ்ஸில் நின்றே சம்பாதித்தவன் நான். மதுரை பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் பக்கம் ஓடும் டவுன் பஸ்தான் அதிகம். ஒரு கையில் டிக்கெட் கட்டு, விரலிடுக்கில் மடித்த நோட்டு, தோளில் பை. கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. பழங்காநத்தத்தில் வண்டி திரும்பும்போது காலை அகட்டி வைத்துச் சமாளித்துக்கொள்வேன். அப்படி இருந்த எனக்கு 61 வயதில், வீட்டு வாசல்படி இறங்கும்போது வலது முழங்கால் சட்டென்று மடங்கிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அதற்கப்புறம் படியைப் பார்த்தாலே பயம்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம் ஆரம்பம்தான், ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி எடுங்கள் என்றார். முதலில் போன இடத்தில் பத்து நாளும் கரன்ட் வைத்தார்கள், சூடு வைத்தார்கள். வலி கொஞ்சம் குறைந்தது. கால் மடங்கிவிடுமோ என்ற பயம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இரண்டாவதாகப் பார்த்த பிசியோ என் மகள் வயதுப் பிள்ளை. என்னைப் படுக்கவே வைக்கவில்லை. சுவர் ஓரமாக நிற்கவைத்து, "ஐயா, வலது காலில் மட்டும் நில்லுங்க" என்றது. மூன்று எண்ணுவதற்குள் இடது கால் தரையைத் தொட்டுவிட்டது. இடது காலில் நின்றால் பதினைந்தைத் தாண்டியது. "உங்க முட்டிக்குப் பலம் மட்டும் குறையல ஐயா. தான் எப்படி இருக்கோம்னு அதுக்கே சரியாத் தெரியல" என்று சொன்னது அந்தப் பிள்ளை.

மூட்டைச் சுற்றியுள்ள ஜவ்வு, தசைநார், தசை எல்லாவற்றிலும் உணர்வு நரம்புகள் இருக்கின்றன. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவைதான் மூளைக்குச் சொல்கின்றன. வலியும் வீக்கமும் வந்து, நாமும் நடையைக் குறைத்துவிட்டால் அந்தச் செய்தி மங்கிப்போகிறது. தொடைத் தசை பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிப்பதில்லை, கால் நழுவுகிறது. எனக்கு நடந்தது இதுதான்.

பயிற்சி வீட்டு அடுப்படியில்தான். மேடையில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 விநாடி. முட்டியை விறைப்பாகப் பூட்டாமல் லேசாக மடக்கி நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் இறங்கக் கூடாது. முதல் வாரம் என் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரல் தரையைக் கவ்வும், விடும். கணுக்காலுக்கு முன்னால் ஒரு தசைநார் கம்பி மாதிரி எழும்பும், அமுங்கும். ஒரு நொடி சும்மா இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் சும்மா நிற்கிறேன், உள்ளே அவ்வளவு வேலை நடக்கிறது.

அப்புறம் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடப்பது, போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நிற்பது. கண்ணை மூடி நிற்பது கடைசியில்தான் வந்தது, கண் தரும் உதவி போய்விடுவதால் அதுதான் கஷ்டம். கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும் உண்டு. தொடை பலப்படாமல் ஒற்றைக்காலில் நிற்பது மட்டும் போதாது. மறுநாள் முட்டி வீங்கினால் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

என் வேலையைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை ஒன்று சொன்னது: "ஒற்றைக்கால்ல நின்னுக்கிட்டே சில்லறையை எண்ணி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போடுங்க." கவனம் காசில் போனதும் கால் தானாகப் பார்த்துக்கொண்டது. வாசல்படியில் மடங்கிய நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் எனக்கு என் கால்மேல் நம்பிக்கை வந்தது.

மேலூர், குடும்பத் தலைவி:

அண்ணே, படித்ததும் என் அத்தை ஞாபகம். வயது 72, சர்க்கரை 20 வருடமாக இருக்கிறது. பாதத்தில் மதமதப்பு. யாரோ சொன்னதைக் கேட்டுத் தனியாக ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்கள், நல்லவேளை கட்டில் பக்கத்தில் சாய்ந்தார்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஆள் துணை இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

எங்கள் பிசியோ சுவர் மூலையில் நிற்கச் சொன்னார், முன்னால் ஒரு நாற்காலி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் உண்டு. முதலில் இரண்டு காலும் ஒட்டி, பிறகு ஒரு காலை அரை அடி முன்னால் வைத்து. ஒற்றைக்காலுக்கு இன்னும் வரவில்லை, அவசரமும் இல்லை. வெறுங்காலில் வேண்டாம் என்று எம்.சி.ஆர். செருப்போடுதான் (சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) அத்தை செய்கிறார்கள். பிரஷர் மாத்திரை போடுவதால் காலையில் எழுந்ததும் கிறுகிறுப்பு வருகிறது, அதனால் சாயங்காலம் மட்டும். இப்போது பாத்ரூமுக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. இதை எத்தனை மாதம் செய்ய வேண்டும் அண்ணே?

திருநகர், ஓய்வு பெற்ற நடத்துநர்:

நிறுத்தவே கூடாதும்மா. மகன் கல்யாண வேலையில் மூன்று வாரம் விட்டேன், வலது கால் திரும்ப ஐந்துக்கே இறங்கிவிட்டது. இரண்டு மாதம் பிடித்தது பழையபடி வர. போன பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலம் முழுக்க நடந்தேன், மறுநாள் வீக்கம் இல்லை. அத்தைக்கும் வேறு வேலையோடு சேர்த்துவிடுங்கள், மறக்காது. நான் பால் பொங்கும்வரை வலது கால், காபி ஆறும்வரை இடது கால்.