கிழவனுக்குக் கூட்டாளி தேடுகிறோம்: இரண்டாவது நாய் எடுத்தவர்கள் எழுதுங்கள்

கடலோரத்தான், வெள்ளவத்தை

எங்கள் ரைகருக்குப் பத்து வயது. கடுவன், ஊர்நாய்க் கலப்பு, கருத்தடை செய்தாயிற்று. கொழும்பு மரைன் டிரைவ் பக்கம் ஒரு தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறோம். கூட வளர்ந்த பிரவுணி போன வருடம் செத்த பிறகு ஆள் மாறிவிட்டான். சாப்பாட்டில் பாதி கோப்பையிலேயே கிடக்கிறது. மாலையில் கீழே கூட்டிப்போனால் ஒழுங்கை முனை வரை வந்துவிட்டு வீட்டுப் பக்கம் இழுக்கிறான். “தனிமைதான், ஒரு குட்டி எடுத்துக் குடுங்கோ” என்று மாமி தொடங்கி வாச்சர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். மகள் பொமரேனியன் குட்டிகளின் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வயதான நாய்க்குத் துணை எடுத்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சரிவராமல் போன கதை என்றாலும் பரவாயில்லை, அதுதான் எனக்கு முக்கியமாக வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, குட்டி தேடுவதற்கு முதல் ரைகரை மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எங்கள் ஜிம்மியும் இப்படித்தான் சுருண்டு கிடந்தான். அப்பா இறந்த நேரம் அது. அவனுக்கும் துக்கம் என்று சொந்தக்காரர் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். வைத்தியர் பின்னங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். அதுவரை யாரையும் கடிக்காத பிராணி அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தது. எக்ஸ்றேயில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. இரத்தமும் எடுத்துப் பார்த்தார். இந்த ஊரில் உண்ணிக் காய்ச்சல் சத்தமில்லாமல் நாயைச் சோர வைக்கும்: சாப்பாடு குறையும், பல் முரசு வெளிறும், படுத்தே கிடக்கும். நல்லகாலம், அது இருக்கவில்லை. மருந்து தொடங்கி, எடையையும் கொஞ்சம் குறைத்த பிறகு ஜிம்மி மறுபடி கேற்றடிக்குப் போய்த் தபால்காரரை ஏசத் தொடங்கினான். இரண்டாவது நாய்ப் பேச்சு அதோடு நின்றுபோனது.

இடுப்பு நோவுள்ள நாயின் முதுகில் மூன்று மாதக் குட்டி பாய்ந்து ஏறினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, நோ என்று கண்டதும் வீட்டில் இருக்கிற மனித மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். ஐபுப்ரோபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரசிட்டமோல் அளவு மீறினால் ஈரலில் கைவைக்கும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது, வைத்தியர் எழுதித் தருவார்.

ரயில்பாதைக்காரி, தெஹிவளை

நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீசருக்கு அப்போது பதினொரு வயது. இவன் போய்விட்டால் வீடு என்னவாகும் என்று பயப்பட்டது நான்தான், அவன் இல்லை. இரண்டாவது நாய் தேடுகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பயத்தில்தான் தேடுகிறோம், கிழவனின் பெயரைச் சொல்லிக்கொள்கிறோம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வேண்டியது எது, அவனுக்கு வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்குக் குட்டி ஆசை. சீசருக்கு நித்திரை ஆசை.

மச்சாள் வெளியூர் போன நேரம் அவருடைய லாப்ரடோர் குட்டி எங்களிடம் தங்க வந்தது. நல்ல ஒத்திகை. குட்டி சீசரின் காதைப் பிடித்துத் தொங்கும். அவன் முகத்தைத் திருப்புவான், உதட்டை நக்குவான், கொட்டாவி விடுவான். நாய்ப் பாஷையில் இவையெல்லாம் “போதும், தள்ளிப் போ” என்பதுதான். அந்த வயதுக் குட்டிக்கு அது எங்கே விளங்கப்போகிறது? நாலைந்து மாதம் வரை குட்டிகளுக்குப் பெரிய நாய்கள் நிறைய விட்டுக்கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு “என்ன பாசம்” என்று நாங்கள் படம் எடுப்போம். சீசர் கடைசியில் குளியலறைக்குள் போய் ஈரத் தரையில் படுத்துக்கொண்டான். குட்டி வேண்டாம் என்று அவனே சொல்லியாயிற்று.

அதனால் வளர்ந்த நாயைத் தேடினோம். நாலைந்து வயது, கருத்தடை செய்த பெட்டை, துள்ளல் அடங்கியது. கடுவனுக்குப் பெட்டை, பெட்டைக்குக் கடுவன் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். தேடத் தூரம் போகவில்லை. தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தும்படி 2006இல் அரசு சொன்ன பிறகு, கொழும்பில் அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிற வேலை நடந்துவந்திருக்கிறது. காது நுனியில் சின்ன வெட்டுத் தெரிந்தால் அது கருத்தடை செய்த நாய். எங்கள் சந்தி ஓட்டோ ஸ்டாண்டில் அப்படி மூன்று கிடந்தன. ஆட்களோடும் பஸ்ஸோடும் மற்ற நாய்களோடும் நாள்தோறும் சமாளித்துப் பழகியவை. எது சண்டைக்கு நிற்கும், எது விலகிப் போகும் என்பது ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு அத்துப்படி. “சூட்டியைக் கொண்டுபோங்கோ அக்கா, மழை இடிக்கெல்லாம் ஓட்டோவுக்குள்ள ஏறிவிடும், அது வீட்டு நாய்தான்” என்றார் ஒரு தம்பி.

சந்திப்பை வீட்டில் வைக்கவில்லை, வீடு சீசரின் எல்லை. காலி வீதியில் பஸ் கூடுவதற்கு முன், விடியற்காலையில், ஒழுங்கையின் ஒரு கரையில் நான் சீசரோடு, மறு கரையில் ஓட்டோத் தம்பி மற்ற நாயோடு, ஒரே திசையில் நடந்தோம். இரண்டு நாய்களை நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்துவது சண்டைக்கு அழைப்பு மாதிரி. கயிறு தளர்வாக இருக்க வேண்டும்; நாங்கள் இழுத்துப் பிடித்தால் ஏதோ ஆபத்து என்று அவையும் விறைக்கும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பின்பக்கத்தை முகரவிட்டு, உடனே கூப்பிட்டுவிடுவோம். முதல் நாயைக் கண்டதும் சீசரின் வால் விறைத்து மேலே போனது, வாய் மூடிக்கொண்டது. அது வேண்டாம். அடுத்ததை அவன் கணக்கெடுக்கவே இல்லை. சூட்டியிடம் மட்டும் உடம்பைத் தளர்த்தி, வளைந்து சுற்றிப் போய் முகர்ந்தான். அப்புறம், அந்த வயதில், முன்னங்காலைத் தாழ்த்தி விளையாடக் கூப்பிட்டான். இடுப்பு ஒத்துழைக்கவில்லை, பாதியில் எழும்பிவிட்டான். எனக்கு அது போதும்.

வீட்டுக்குள் எடுக்க முதல் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து. இரண்டு வாரமளவில் பின்னறையில் தனியாக வைக்கச் சொன்னார் வைத்தியர், ஏதும் தொற்று இருந்தால் அதற்குள் தெரியவரும் என்று. பிறகு குசினி வாசலில் குழந்தைகளைத் தடுக்கப் போடுகிற சின்னப் படலையைப் பூட்டினோம். அதன் இரு பக்கமும் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகினார்கள். சாப்பாடு இன்றைக்கும் தனித்தனி அறையில்தான். எலும்பையும் பந்தையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்தோம். சாப்பாட்டு மேசைக்குக் கீழே சீசரின் இடம், அங்கே சூட்டிக்கு அனுமதி இல்லை. அவன் உறுமினால் யாரும் ஏசக்கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை ஏசி அடக்கினால் எச்சரிக்காமலே கடிக்கப் பழகும்.

சீசர் இளமையாகிவிட்டான் என்று மட்டும் நினைக்காதீர்கள். பகல் முழுக்க நித்திரைதான். இருவரும் கட்டிப்பிடித்துப் படுக்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆனால் தீபாவளி வெடிக்கு நடுங்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகிறவன், போன தடவை சூட்டி படுத்திருந்த மூலைக்குப் போனான். சந்தியில் எல்லாச் சத்தமும் கேட்டு வளர்ந்த அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மாடிவீட்டுக்காரர், பம்பலப்பிட்டி

எங்களுடையது சரிவராத கதை. ரொக்சி எட்டு வயதுப் பெட்டை. மிலி வந்தபோது ஆறு மாதம், அதுவும் பெட்டை. ஒரு வருடத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்தார்கள். மிலி இரண்டு வயதை நெருங்கும்போது பார்வை மாறியது. உடம்பு வளர்ந்து முடிந்த பிறகும் நாயின் குணம் முதிர்ந்துகொண்டே இருக்குமாம், சிலவற்றுக்கு மூன்று வயது வரை போகுமாம். லிப்ட் வாசல், திறக்கிற கதவு, வந்து நிற்கிற விருந்தாளி: இறுக்கமான இடமும் பரபரப்பும் சேர்ந்த நேரமெல்லாம் சண்டை. ஒரே வீட்டில் இரண்டு பெட்டை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அந்த நேரம் நடுவில் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கதிரையையோ தடித்த போர்வையையோ இடையில் போடுங்கள். மிலி இப்போது வத்தளையில் தம்பி வீட்டில், பெரிய வளவில் தனி ராணி. இரண்டு பேரும் சுகமாக இருக்கிறார்கள், தனித்தனியாக.

கேற்றடி, மட்டக்குளி

நான் பொமரேனியனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எட்டு வாரத்துக்கு முதல் தாயிடமிருந்து பிரித்த குட்டி வேண்டாம். தாயைக் காட்ட மறுக்கிறவரிடம் எந்தக் குட்டியும் வேண்டாம். ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் வாங்கிய குட்டி வந்த வாரமே இரத்தக் கழிச்சலோடு, பார்வோ என்கிற குடல் தொற்று நோயில் போய்விட்டது. “எங்களிட்ட நல்லாத்தானே நிண்டது” என்றார் அவர். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய ஒரு வாரம் வரைகூட எடுக்கும், அதனால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. பெரிய நாய் ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தபடியால் தப்பியது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண கழுவு மருந்துகள் பலவற்றுக்கு மசியாது. குளோரின் கரைத்துக் கழுவினோம்.

கொட்டாஞ்சேனை அக்கா

செலவை ஒருவரும் எழுதவில்லையே! 2022இல் இறக்குமதித் தீனி விலை ஏறின ஏற்றத்தில், நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டவர்களையும் கண்டோம். சோறும் அவித்த மீனும் போட்டுத்தான் ஜிம்மியைக் காப்பாற்றினேன். இரண்டு வாய் என்றால் அதையும் கணக்குப் பாருங்கள். கறி குழைத்த மிச்சச் சோறு போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கடலோரத்தான், வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி ரைகரைக் கொண்டுபோனேன். மேல் கடைவாய்ப்பல் ஒன்று வெடித்து அடியில் சீழ். அதனால்தான் பாதிச் சாப்பாடு: சோறும் மீனும் போய்விடும், கடிக்க வேண்டியது மிஞ்சும். போதாக்குறைக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை தொடங்கியிருக்கிறது, மங்கல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாதாம். எங்கள் ஒழுங்கை முனைக்கு அப்பால் தெருவிளக்கு இல்லை. பல்லைக் கழற்றியாயிற்று, நடையைக் காலைக்கு மாற்றினோம், இப்போது கடற்கரை வரை வருகிறான். ஆனாலும் இரவில் பிரவுணி படுத்த இடத்தைப் போய் முகர்ந்துவிட்டு வருகிறான். கண் மங்கிய நாய்க்கு இரண்டாவது நாய் சரிவருமா?

ரயில்பாதைக்காரி, தெஹிவளை

சரிவரலாம் அண்ணா, குட்டி மட்டும் வேண்டாம். தெரியாத பக்கத்திலிருந்து வந்து பாய்கிற எதையும் கண் மங்கிய நாய் கடிக்கத்தான் பார்க்கும். அமைதியான பெட்டையாகப் பாருங்கள், கழுத்துப் பட்டியில் சின்ன மணி கட்டுங்கள். எங்கே நிற்கிறாள் என்று ரைகர் காதால் பிடித்துக்கொள்வான். காது கேட்கிறதா என்பதையும் முதலில் சோதியுங்கள், அவன் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் தெரியும். கதிரை மேசைகளை இடம் மாற்றாதீர்கள். தொடர்மாடி நிர்வாகக் குழுவிடம் இரண்டாவது நாய்க்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் அடுத்த தலைவர் வரும்வரைதான். மழையில்லாத ஒரு காலையில் சூட்டியை மரைன் டிரைவுக்குக் கூட்டிவருகிறேன். அவளைத் தர மாட்டேன்! அறியாத பெட்டையோடு ரைகர் எப்படி நடக்கிறான் என்று பார்க்கத்தான். மகளையும் கூட்டிவாருங்கள், பொமரேனியன் படங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.