துருப்பிடித்த பழைய பிக்கப்: சேஸிஸ், மேனிஃபோல்ட் வேலைக்கு யோசனை தேவை

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் உப்பு லோடு அடிக்கும் 2009 மாடல் டீசல் பிக்கப் என்னுடையது. இன்ஜின் இன்னும் நன்றாக இழுக்கிறது, உடம்புதான் போய்க்கொண்டிருக்கிறது. மூட்டையில் கசியும் உப்புத் தண்ணீர், லோடு ஏற்றும் தொட்டியின் மூலை வழியாக இறங்கி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேலேயே தங்கிவிடுகிறது.

பின்பக்க ஸ்பிரிங் பிராக்கெட் அருகே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் இரும்பு அடுக்கடுக்காக உதிர்கிறது. மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு) போதும் என்கிறார் தகடு வேலை பார்க்கும் டிங்கர். எஃப்.சி. போதும், பாரம் ஏற்றினால்? துருவை மூடி வைத்தால் அது உள்ளேயே அரித்துக்கொண்டுதான் இருக்கும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு போட வேண்டும் என்பது என் எண்ணம். பாரம் விழும் அந்த இடத்தில் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? சேஸிஸையே மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலைச்சல் வேறு.

அடுத்தது புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் பக்கம் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைகிறது. அதன் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் ஓரமெல்லாம் கரி. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்டட் (திருகாணி) உடைந்து இன்ஜின் ஹெட்டுக்குள் நிற்கிறது. கேபினுக்குள் புகை வாடை வருவதால் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது என்பதால், இந்த வேலையைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

உடைந்த ஸ்டட்டில் நட்டைப் பற்றவைத்துத் திருகினால் வருமா, ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா? திருநெல்வேலி, தூத்துக்குடியில் இதற்கு நல்ல கை யாராவது இருந்தால் சொல்லுங்கள். கூலி தோராயமாகத் தெரிந்தாலும் உதவியாக இருக்கும்.