மடியில் தட்டு இல்லாத அம்மா

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்து ஊர்க்காரி நான். எங்கள் பக்கம் பீடி சுற்றாத வீடு குறைவு. அப்பா தவறிய பிறகு அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தாள். 2020 மார்ச் 25-ஆம் தேதி கொரோனா ஊரடங்கு தொடங்கியதும், இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடையைச் சாத்திவிட்டார்கள். பீடி இலையும் இல்லை, புகையிலைத் தூளும் இல்லை. மும்பையில் இருந்த தம்பிக்குச் சம்பளம் நின்றது. நான் வேலை பார்த்த துணிக்கடையும் மூடியாச்சு. இப்படி ஒரு வருஷத்தில் சந்தோஷமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது.

பீடி சுற்றும் அம்மாவுக்குப் பிறந்தவர்களுக்கு இது புரியும். வீட்டு வேலை முடிந்ததும் முன்கூடமான தார்சாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொள்வாள். நனைத்து வைத்த இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஆயிரம் சேர்ந்தால்தான் கணக்கு. நாம் என்ன பேசினாலும் "ம்" கொட்டுவாள், கண் மட்டும் தட்டை விட்டு எழும்பாது. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் நான் அம்மாவின் நெற்றி வகிட்டைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

வேலை நின்ற புதிதில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், விரல்கள் முந்தானை ஓரத்தை உருட்டி உருட்டி மடக்கிக்கொண்டிருக்கும்.

"என்னம்மா செய்யுத?"

"கை சும்மா இருக்க மாட்டேங்கு மக்கா."

ஏப்ரலில் ரேஷனில் 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் விலையில்லாமல் கொடுத்தார்கள். அந்த அரிசிதான் எங்களைக் காப்பாற்றியது. அதில் ஒருநாள் அம்மா உளுந்தஞ்சோறு பொங்கினாள். தோல் உளுந்தை வாசனை வரும்வரை வறுத்து, பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் போட்டு ஆக்குவது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வழக்கமாக அவசரத்தில் மிக்சியில் ஒரு சுற்று விடுவதுதான். அன்றைக்கு ரொம்ப காலத்துக்கு அப்புறம் அம்மியைக் கழுவி உட்கார்ந்தாள். துவையலை வழித்து எடுத்த பிறகு, அம்மியிலேயே ஒரு கை சோற்றைப் போட்டுப் பிரட்டி, உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள். சின்ன வயதில் அம்மா பிசைந்து தரும் சோற்றில் லேசாகப் புகையிலை வாடை இருக்கும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. அன்றைக்கு அந்த உருண்டையில் எள் வாசனையும் பூண்டு வாசனையும் மட்டும்தான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகன் "ஆச்சி, எனக்கும்" என்று கையை நீட்டினான்.

மே மாதம் தம்பி வந்து சேர்ந்தான். சோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் முடிந்துதான் வீட்டுக்குள் நுழைந்தான், ஆள் பாதியாக இளைத்திருந்தான். நுங்கு சீசன் அது. நுங்கைத் தின்றுவிட்டு மிஞ்சிய வெறும் காயில், கூந்தல் என்போம், குச்சி சொருகி மருமகனுக்கு வண்டி செய்து கொடுத்தான். இரண்டு பேரும் தெருவில் அதைத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போதுதான் தெரியும்.

கடன் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கம்மலை அடகு வைத்தோம். ராத்திரி படுத்தால் வட்டிக் கணக்குதான் மண்டைக்குள் ஓடும். ஆனால் விடிந்தால் எல்லாரும் வீட்டில் இருந்தோம்.

அந்த ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடவில்லை. சாரல் காற்று வீசிய ஒரு சாயங்காலம், தார்சாவில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாக ஆரம்பித்தாள். கல்யாணமான வருஷம் அப்பா சைக்கிளில் வைத்துத் தேரோட்டத்துக்குக் கூட்டிப் போனது, கூட்டத்தில் செருப்பு தொலைந்தது, ரதவீதியில் அப்பா கண்ணாடி வளையல் வாங்கித் தந்தது. "வெயில்ல கால் சுடும்னு உங்கப்பா தன் செருப்பைக் கழட்டித் தந்தாரு" என்றாள். அப்பாவைப் பற்றி அவ்வளவு நேரம் அவள் பேசிக் கேட்டதே இல்லை. தம்பி இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தம்பி மும்பைக்குப் போனான், கம்மலையும் மீட்டாச்சு. தட்டு மறுபடி மடிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் தொடக்கூடாது என்று நானும் தம்பியும் சொல்லிவிட்டோம். முதலில் அம்மா சம்மதிக்கவே இல்லை. இப்போது சனிக்கிழமை ராத்திரியே "நாளைக்கு என்னட்டி ஆக்க?" என்று அவளே கேட்கிறாள்.