முதியோரின் மறதி: வயதினால் மட்டும் வருவதா, வாழ்க்கை முறையும் காரணமா?

ஒட்டுசுட்டான் மகள்:

வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் அம்மா நீண்டகாலமாக நீரிழிவுக்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும் கிளினிக்கில் மருந்து எடுத்து வருகிறார். அண்மைக்காலமாக ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார். இறுதி யுத்த காலத்தில் எறிகணைச் சத்தத்தால் பாதிக்கப்பட்ட அவரது காது இப்போது மேலும் மந்தமாகிவிட்டதால், கோயிலுக்கும் அயல் வீடுகளுக்கும் போவதைக்கூட நிறுத்திவிட்டார். "வயது போனால் அப்படித்தான்" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள தம்பி நினைவாற்றலுக்கான விற்றமின் குளிசைகளை அனுப்புகிறேன் என்கிறான். மாமியோ வல்லாரை போதும் என்கிறார். இந்த வயதில் வாழ்க்கை முறையை மாற்றுவதால் பயன் உண்டா? எதிலிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா:

சகோதரி, இந்த மறதி எவ்வளவு காலத்தில் வந்தது என்பதை முதலில் கவனியுங்கள். சில நாட்களுக்குள் திடீரெனத் தோன்றிய குழப்பமாயின், சிறுநீர்த் தொற்றோ, குருதியில் சீனி குறைந்ததோ காரணமாக இருக்கக்கூடும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல வந்ததாயின், கிளினிக் வைத்தியரிடம் விவரமாகச் சொல்லி, தைரொயிட், விற்றமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள். நீரிழிவுக்கான மெற்போமின் குளிசையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதும், அந்தக் குறைபாடு மறதியாக வெளிப்படக்கூடும் என்பதும் நம் வீடுகளில் அதிகம் அறியப்படாதவை. அது சிகிச்சையால் ஈடுசெய்யக்கூடிய குறை.

லான்செற் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, கல்விக் குறைவு, கேட்கும் திறன் இழப்பு, தலைக்காயம், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறைவு, வளி மாசு உட்பட மாற்றக்கூடிய 14 காரணிகளைக் குறிப்பிட்டு, அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீதமான மறதி நோயை (டிமென்சியா) தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியும் என்று மதிப்பிட்டது. இது முழுச் சமூகத்துக்கான கணக்கு. ஒரு தனி மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் வன்னியில் வாழ்ந்தவர்கள் அந்தப் பட்டியலை வாசித்தால், எறிகணைகளாலும் இடப்பெயர்வாலும் இழப்புகளாலும் நம் முதியவர்களுக்கு நேர்ந்தவை அதில் எத்தனை இருக்கின்றன என்பது விளங்கும்.

உங்கள் அம்மாவின் காதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த ஆய்வில், அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, கேட்டல் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மூன்று ஆண்டுகளில் அறிவாற்றல் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகமாக இருந்தவர்களில், கருவி பெற்றவர்களிடம் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவாகியது. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் செய்து, அதன் பிறகு காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

குருதி அமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களைக் காக்கும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றைக் குறைத்தாலே உப்பு கணிசமாகக் குறைந்துவிடும். குருதி அமுக்கத்தின் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவருவது நினைவாற்றலுக்கு நல்லது என்று காட்டிய 2019ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே அந்த எண்ணை நீங்களாக இலக்காக வைத்து மருந்தைக் கூட்ட வேண்டாம்.

பரந்தன் ஆசிரியர்:

தாதி அம்மாவின் விளக்கத்துடன் உடன்படுகிறேன். இந்த வயதில் பயன் உண்டா என்ற கேள்விக்குப் பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதிக்குழாய் நலக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒன்றாகப் பெற்றவர்கள், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அறிவாற்றல் சோதனைகளில் அதிக முன்னேற்றம் கண்டார்கள்.

வயலில் நாற்றுப் பிடுங்கியும் களை எடுத்தும் வாழ்ந்த நம் பெற்றோருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. இன்று உழவையும் அறுவடையையும் இயந்திரங்கள் செய்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நடக்கவும் பேசவும் காரணமே இல்லாமல் முதியவர்கள் விறாந்தையில் இருந்துவிடுகிறார்கள். 2009இல் பிள்ளையையோ கணவரையோ இழந்த தாய்மார் பலரின் துயரம் பேசப்படாமலே கிடக்கிறது. மனச்சோர்வு மறதியைப் போலவே தோற்றமளிக்கக்கூடும் என்பதால், அம்மா எதிலும் நாட்டமின்றி இருக்கிறாரா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாலையில் யாராவது ஒருவர் அவருடன் குளக்கட்டு வரை நடக்கட்டும். முதியோர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்று, காது கேட்கும் பக்கத்தில் நீங்கள் இருங்கள். கடைக் கணக்கையும் கறிக்கூட்டையும் அவரிடமே விடுங்கள். அன்பினால் எல்லா வேலைகளையும் நாமே பறித்துக்கொள்வது அவர்களுக்கு நன்மையல்ல.

வல்லாரைச் சம்பல் நல்ல கீரை உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அது மறதி நோயைத் தடுக்கும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. அறிவாற்றல் சரிவைத் தடுப்பதற்காக விற்றமின் பி, விற்றமின் ஈ, ஒமேகா குளிசைகளைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகக் கூறியது. தம்பியின் பணம் கேட்டல் கருவிக்குப் பயன்பட்டால் சிறப்பு.

ஒட்டுசுட்டான் மகள்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மறதி படிப்படியாகத்தான் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கும்போது குழப்பம் கூடுகிறது. இதற்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டா?

மருந்தாளர், கிளிநொச்சி:

இருக்கக்கூடும். நீரிழிவுக்கான சில குளிசைகளையும் இன்சுலினையும் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். முதியவர்களிடம் அது வியர்வையாகவோ நடுக்கமாகவோ தெரியாமல் வெறும் குழப்பமாகவே தெரியலாம். அத்தகைய கடுமையான இறக்கங்கள் மீண்டும் மீண்டும் ஏற்படுவது மூளைக்கும் நல்லதல்ல. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே கிளினிக்கில் விரதத்தைப் பற்றிச் சொல்லி, அந்த நாளுக்குரிய மருந்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்; அதுவரை அம்மா விரதமிருக்காமல் வேளைக்குச் சாப்பிடட்டும். குழப்பம் தோன்றினால் உடனே சீனி அளவைப் பாருங்கள். கருவி கையில் இல்லையெனில், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடிமனுக்கும் நித்திரைக்கும் பலர் கடையில் வாங்கி எடுக்கும் குளோர்பெனிரமினும், கால் எரிவுக்குக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினும் முதியவர்களின் நினைவைக் கலக்கக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தாமல், கிளினிக் மருந்து, தனியார் மருந்து, கைமருந்து உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று வைத்தியருக்குக் காட்டுங்கள்.